மழை நாளில் ஊர் பார்ப்பது

வெளியூர் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? விடுதி அறையில் உட்கார்ந்து, பஜ்ஜி வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டே வருண பகவானைத் திட்டுவது ஒரு வழி. அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் இதுதான் நடக்கிறது. போன ஐப்பசியில் புதுக்கோட்டைப் பக்கம் போயிருந்தபோது எங்கள் வீட்டிலும் இந்த யோசனைதான் முதலில் பலமாக ஆதரிக்கப்பட்டது.

நாங்கள் போனது கடியாபட்டிக்கு. திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. செட்டிநாடு என்றால் காரைக்குடிதான் என்று நினைக்கிறோம். ஆனால் ராயவரம், அரிமளம், கடியாபட்டி என்று நகரத்தார் ஊர்கள் பல புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இருக்கின்றன. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் சிலவற்றில் இப்போது பிரயாணிகள் தங்கலாம். உள்ளூர்க்காரர் ஒருவர் காலையில் வந்து, இரண்டு மணி நேரம் நடத்தியே அழைத்துப் போய் ஊரைக் காட்டுவார்.

அன்று விடியும்போதே மழை. "சேற்றில் என்ன ஊரைப் பார்ப்பது? வரவேண்டாம் என்று சொல்லிவிடு" என்றார் என் வீட்டுக்காரர். அதற்குள் வழிகாட்டித் தம்பி குடையோடு வாசலில் நின்றார். நடந்தால்தான் அவருக்குக் கூலி. அடைமழைக் காலத்தில் வாரத்தில் பாதி நாள் இப்படித்தான் போய்விடுமாம். ஆனால் அதைச் சொல்லி அவர் கெஞ்சவில்லை.

"வெயில் நாள்ல வந்தீங்கன்னா வீட்டைக் காட்டுவேம்மா. இன்னிக்கு வந்தா வீடு வேலை செய்யறதைக் காட்டுவேன்" என்றார்.

இதற்கு மேல் யார் அறையில் உட்கார்ந்திருப்பார்கள்?

முதல் வீட்டுக்குள் நுழைந்ததுமே அருவிச் சத்தம். பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் தரையையும் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். வளவின் நடுவிலே திறந்த முற்றம் எதற்கு என்று கேட்டால், "காற்றுக்கும் வெளிச்சத்துக்கும்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நாலு பக்கத்து ஓட்டுக் கூரையும் முற்றத்தை நோக்கியே சாய்ந்திருக்கிறது. கூரையில் விழுந்த தண்ணீரெல்லாம் அங்கே கூடிக் கொட்டுகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாள் ஓர் அண்டாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"மொதத் தண்ணி கூரையைக் கழுவுற தண்ணி, ஆத்தா. அது போகட்டும். தெளிஞ்சு வரட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அண்டாவை நிமிர்த்தி, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, தாரைக்கு நேரே நகர்த்தினார். 2003-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. நம் பட்டணத்து அடுக்கு வீடுகளில் அந்தக் குழாய் எந்த மூலையில் இறங்குகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் நாங்கள் செய்ததெல்லாம் தண்ணீரின் பின்னாலேயே போனதுதான். முற்றத்துக் கல்தளம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பக்கமாகச் சரிகிறது. அங்கே ஒரு துவாரம். அதன் வழியாகத் தெரு வாய்க்கால். தெரு வாய்க்காலிலிருந்து ஊருணி. வற்றாத ஆறு என்று ஒன்று இல்லாத சீமை இது. வெள்ளாறுகூட வருஷத்தில் பெரும்பாகம் வெறும் மணல்தான். அதனால் குடிக்க ஊருணி, வயலுக்குக் கண்மாய் என்று பிரித்து வைத்தார்கள். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். ஊருணிப் படிக்கட்டில் நின்று பார்த்தோம். தண்ணீர் இரண்டு படி ஏறியிருந்தது. ஒரு கிழவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, நிறைமாதப் பெண்ணைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லா இடத்திலும் இவ்வளவு ஒழுங்காக இல்லை. மூன்றாவது தெருவில் பூட்டிக் கிடந்த வீடு ஒன்று. பங்காளிகள் பலர், சென்னையில் சிலர், கடல் கடந்து சிலர். கூரையில் நாலு ஓடு நழுவியிருந்தது. முற்றத்தில் விழ வேண்டிய தண்ணீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புச் சுவர் வெயிலை எத்தனை வருஷமானாலும் தாங்கும். உள்ளே இறங்கும் தண்ணீரைத் தாங்காது. உத்தரம் உளுத்து, ஒரு பக்கம் உட்கார்ந்தால், அடுத்தபடியாகத் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேருகின்றன. செட்டிநாட்டு ஊர்களை 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் வந்து ஓடு மாற்றிப் போடாது. ஓட்டை வெயில் நாளில் கண்ணுக்குப் படாது என்பதுதான் சங்கடம். "மழையில பார்த்துச் சொன்னாத்தான் ஆள் அனுப்புவாங்க" என்று தம்பி தன் தொலைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். யாருக்கோ அனுப்பப் போகிறாராம். கூலி இல்லாத வேலை!

அந்தத் தெருவில் வாய்க்காலும் பிளாஸ்டிக் பையால் அடைபட்டு, தண்ணீர் ஊருணிக்குப் போகாமல் தெருவிலேயே தேங்கி நின்றது. என் வீட்டுக்காரர் குடைக் கம்பியால் பையை இழுத்துப் போட்டார். காலையில் சேற்றுக்குப் பயந்த மனிதர் இவர்தான்!

மழையில் நடக்கலாம் என்று சொன்னேனே தவிர, எல்லா மழையிலும் அல்ல. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரணியம் பக்கம் கரை கடந்து வந்தபோது இந்த மாவட்டத்தில் தென்னந்தோப்புகள் கூண்டோடு சாய்ந்தன. பல கிராமங்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. வானிலை நிலையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் அறையும் பஜ்ஜியும்தான் உத்தமம். அப்படி ரத்தாகும் நாளிலும் வழிகாட்டிக்குப் பாதிக் கூலியாவது கொடுத்துவிடுங்கள். சாதாரண மழையென்றால் பட்டுப் புடைவையைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சின்னாளப்பட்டியைக் கட்டிக்கொள்ளுங்கள். நனைந்த பூக்கல் தரையில் காலை அழுத்தி வைக்க வேண்டும். குழந்தைகளின் கையை ஊருணிக் கரையில் விடவே கூடாது. அறுந்து தொங்கும் கம்பி எதுவானாலும் வெகு தூரம் தள்ளியே நில்லுங்கள்.

சித்தன்னவாசலும் பக்கத்தில்தான். ஓவியமுள்ள குகைக் கோயிலை மழையிலும் பார்க்கலாம். மேலே சமணர் கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்குப் பாறை விளிம்பில் வெட்டிய படிகளைப் பிடித்துத்தான் போக வேண்டும். அதை மட்டும் வெயில் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.