கடையை மூடாமல் கணக்கை மாற்றலாமா?

"ஒரு நிமிடமும் வியாபாரம் நிற்காது முதலாளி, கணக்கு முழுவதையும் கிளவுடுக்கு மாற்றித் தருகிறோம்." மாத்தளை நகரிலும் உக்குவளை, கலேவெல, தம்புள்ளைப் பக்கங்களிலும் கடை நடத்தும் எமது வியாபாரிகள் இன்று அடிக்கடி கேட்கும் வாசகம் இது. காதுக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், இதைச் சொல்பவரிடம் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி எத்தனை நிமிடம் நிற்கும் என்பதல்ல. மாற்றம் பிழையாகிப் போனால் பழைய கணக்குக்குத் திரும்பி வர வழி இருக்கிறதா என்பதே.

மாற்றமே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் எமது மாத்தளையும் ஒன்று. காசு மேசைக்குக் கீழே தரையில் இருக்கும் ஒரே ஒரு கணினியில் பத்து வருடக் கணக்கும் கிடப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அந்நாட்கள் உணர்த்தின. நனைந்த கொப்பியை வெயிலில் காயவைத்தாவது வாசிக்கலாம். சேற்றுநீர் புகுந்த ஹாட் டிஸ்க்கை வாசிப்பது இலகுவான காரியமல்ல. எனவே, கணக்கு வேறோர் இடத்திலும் இருந்தாக வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை.

எதை மாற்றுகிறோம்?

கிளவுட் என்பது வானத்தில் இருப்பதல்ல. வேறொருவரின் கட்டடத்தில், வேறொருவரின் கணினியில் நாம் வாடகைக்கு எடுக்கும் இடம் அது. அமேசன், மைக்ரோசொப்ட் போன்ற பெரிய நிறுவனங்களின் நிலையங்களில் எமக்குக் கிட்டியவை இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ளன.

பில் போடும் மென்பொருளின் அடியில் இருப்பது தொடர்புத் தரவுத்தளம். 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் கொட் முன்வைத்த முறையில் அமைந்தது. வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, சரக்குக்கு ஓர் அட்டவணை, பில்லுக்கு ஓர் அட்டவணை என்று பிரித்து, இலக்கங்களால் ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். வியாபாரம் நடக்கும்போது இதைச் சும்மா பிரதி எடுப்பது ஆபத்தாவதும் இதனால்தான். பில் அட்டவணையை 10 மணிக்கும் கடன் அட்டவணையை 10.30க்கும் பிரதி செய்தால், இடையில் போட்ட பில்களின் கடன் புதிய கணக்கில் இருக்கும், பில் இராது. பிறகு யாரிடம் போய் விளக்கம் சொல்வது?

கணக்கப்பிள்ளையின் வழி

இதற்குப் பொறியியலாளர்கள் கண்ட வழி எமது பழைய கணக்கப்பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பேரேடு நிறைந்து புதியதற்கு மாற்றும்போது அவர் கடையை மூடச் சொல்லமாட்டார். நேற்று இரவு வரையுள்ள கணக்கைப் பார்த்து எழுதுவார். அதற்குள் நடக்கும் இன்றைய கொடுக்கல் வாங்கல் நாளேட்டில் ஏறிக்கொண்டிருக்கும். பழையதை எழுதி முடித்ததும் நாளேட்டில் சேர்ந்ததை வரிசையாகப் பதிவார். கடைசியில் பத்து நிமிடம் மட்டும் பேனையைக் கீழே வைக்கச் சொல்லி, மிச்சமிருக்கும் நாலைந்து வரிகளையும் பதிந்து, இரண்டு பேரேட்டின் மீதியையும் ஒப்பிட்டு, பிறகு புதியதைத் திறப்பார்.

தரவுத்தளமும் இப்படித்தான். மைஎஸ்கியூஎல் போன்றவை ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதி வைக்க வல்லவை. முதலில் முழுப் பிரதி. பிறகு அந்தப் பதிவேட்டைப் பார்த்துப் புதியது பழையதை எட்டிப் பிடிக்கும். இரண்டும் சமமானதும் சில நிமிடங்கள் எழுத்தை நிறுத்தி இடம் மாறுவார்கள். "நிற்காத மாற்றம்" என்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

ஆனால், இந்த ஏற்பாட்டுக்குப் பணமும் திறமையும் வேண்டும். வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் அது அவசியம். இரவு எட்டு மணிக்குக் கதவைப் பூட்டி மறுநாள் காலை திறக்கும் ஹாட்வெயார் கடைக்கு எதற்கு? பூட்டிய கடைக்குள் ஓர் இரவில் ஆறுதலாக மாற்றலாம். போயா தினத்தில் மூடும் கடையென்றால் அந்த நாளே போதும். இரவிலும் லொறி வந்து இறங்கும் தம்புள்ளை மரக்கறி மொத்த வியாபாரிக்கு வேண்டுமானால் அந்த ஏற்பாடு பொருந்தும். மற்றவர்கள் அதற்குக் கொடுக்கும் பணத்தைக் கணக்குச் சரிபார்க்கும் வேலைக்குக் கொடுப்பதே புத்தி.

பெரியவர்கள் விழுந்த குழி

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் சுமார் 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவுகள் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தன. ஆனால், அவை போய்ச் சேர்ந்த அமைப்பு உடனேயே தடுமாறியது. மக்கள் தமது கணக்கையே பார்க்க முடியாமல் திண்டாடினர். நிலைமை முழுதாக வழமைக்குத் திரும்ப அவ்வாண்டு டிசெம்பர் ஆனது. 2022 டிசெம்பரில் அந்த வங்கிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 4 கோடியே 86 இலட்சம் பவுணுக்கும் அதிகம். சரக்கை ஏற்றி இறக்குவது மட்டும் மாற்றமல்ல, புதுக் கடையின் கதவு திறக்கிறதா என்று முன்கூட்டியே திறந்து பார்ப்பதும் மாற்றத்தின் பங்குதான். ஒத்திகை பார்க்காத மாற்றத்துக்குக் கையொப்பமிடாதீர்கள்.

கிளவுடில் இருந்தாலே பத்திரம் என்ற நினைப்பும் தவறு. 2023 ஓகஸ்டில் எமது நாட்டின் அரச கிளவுட், தரவைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் வைரஸின் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தகவல்கள் இழக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்குத் தனிப் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்தக் கதியென்றால் எமது கடைக் கணக்கு எம்மாத்திரம்? கிளவுடுக்குப் போன பிறகும் வாரம் ஒரு பிரதியை எடுத்து, இணையத்தில் தொடுக்காத ஒரு டிஸ்க்கில் வீட்டில் வைத்திருங்கள்.

சின்ன விடயங்கள், பெரிய நட்டம்

கிளவுட் சேர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. எமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. இதைக் கவனித்துத் திருத்தாவிட்டால் அதிகாலை 3 மணிக்குப் போட்ட பில் முதல் நாள் விற்பனையில் போய் விழும். மாதத்தின் முதலாம் திகதியில் இப்படி நடந்தால் வரிக் கணக்கும் பிசகும்.

அடுத்தது பெயர்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பெயர்களை யுனிகோடுக்கு மாற்றாமல் அனுப்பினால், புதிய திரையில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். கடன்காரர் யாரென்றே தெரியாமல் கடனை எப்படி அறவிடுவது?

மூன்றாவது, வாடகை. இது பெரும்பாலும் டொலரில் வரும். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டதை நாம் மறக்கவில்லை. ரூபாவில் விலை பேச முடியுமா என்று கேளுங்கள்.

நான்காவது, இணைப்பு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருளில் மூழ்கியது. டித்வா நாட்களில் தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தது. இணையம் இல்லாத வேளையிலும் பில் போட்டு, தொடர்பு வந்ததும் மேலே அனுப்பும் மென்பொருளே எமது மலைப்பகுதிக்குப் பொருத்தம்.

கையொப்பமிடுமுன்

மாற்றித் தருபவரிடம் நான்கு விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உண்மையான கணக்கின் பிரதியை வைத்து ஒத்திகை பார்க்கப்படுமா? மாற்றிய இரவே கடன் நிலுவை, கையிருப்பு, பரீட்சை மீதி மூன்றும் பழையதோடு ஒப்பிடப்படுமா? பழைய கணினி குறைந்தது ஒரு மாதமாவது தொடாமல் வைக்கப்படுமா? பிழை ஏற்பட்டால் எத்தனை மணிக்குள் திரும்புவது என்ற முடிவை எடுப்பவர் யார்?

கடைசிக் கேள்விக்கு விடை நீங்கள்தான். கடன் ஏடு என்பது எமது சொத்து மட்டுமல்ல, எம்மிடம் பற்று வைத்திருக்கும் மக்கள் நம்பித் தந்த அமானிதமும்கூட. மிளகு கொண்டுவந்து போட்ட தோட்டக்காரருக்கு நாம் கொடுக்க வேண்டிய மீதியும் அதில்தான் இருக்கிறது. ஓர் இரவு கடை மூடியிருப்பதால் எந்த வாடிக்கையாளரும் விட்டுப் போகமாட்டார். கட்டிய காசை மறுபடியும் கட்டச் சொன்னால் திரும்பியும் பார்க்கமாட்டார்.