14,500 ரூபாய்த் தூண்டில்

அண்ணன் மகன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் போன் செய்து, 'சித்தப்பா, ரெடியா இருங்க, முட்டுக்காடு போறோம்' என்றான். எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். வாசலில் கார் டிக்கியைத் திறந்து ஒரு நீளமான உறையை, வீணையை எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக் காட்டினான். உள்ளே கறுப்பாகப் பளபளவென்று ஒரு தூண்டில்.

'கார்பன் ஃபைபர் சித்தப்பா. ரீலும் சேர்த்து 14,500. ஆறு மாச இ.எம்.ஐ.'

முட்டுக்காட்டில் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றோம். இறாலைக் கோத்து வீசினான். வீச்சு பிரமாதம், ஒப்புக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு திடீரென்று ராட் வளைந்தது. தண்ணீருக்கு மேலே வெள்ளியாய் ஒரு கொடுவா எகிறித் தலையை உதறியது. இரண்டு கிலோ இருக்கும். (தப்பிய மீனுக்கு எடை கூடும் என்பார்கள். ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 'டப்' என்று ஒரு சின்ன சத்தம். அவ்வளவுதான். ராட் நிமிர்ந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு பெரியவர் மரக்கட்டையில் சுற்றிய நரம்பைக் கையால் வீசிப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். 'தம்பி, அந்த நரம்பக் காட்டு' என்றார். ஒரு முழம் எடுத்து, துண்டில் சுற்றிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தார். அறுந்தது. இன்னொரு இடத்தில் இழுத்தார். அங்கேயும் அறுந்தது.

'செத்துப்போன நரம்பு தம்பி இது. கடையில வெயில்லயே கெடந்திருக்கு. இன்னா குடுத்தே இதுக்கு?'

'அது... ரீலோட ஃப்ரீயா சுத்திக் குடுத்தாங்க.'

பெரியவர் சிரிக்கவில்லை. ராடை வாங்கி வளைத்துப் பார்த்தார். 'இது நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் பையன் மேல் இல்லை. அவனுக்கு விற்றவர்கள் மேல். 14,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, மீனுக்கும் மனுஷனுக்கும் நடுவில் இருக்கிற ஒரே சங்கதியை, அந்த நரம்பை, ஓசியில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்தக் கொடுவா வாயில் முள்ளோடும் பின்னால் பத்து மீட்டர் நைலானோடும் எங்கேயோ போய்ச் சிக்கியிருக்கும். யார் தட்டிலும் விழவில்லை, பிழைத்திருக்கவும் வாய்ப்பில்லை. இது வெறும் காசு விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரில் தூண்டில் போடுவது இப்போது ஒரு ஹாபியாகிவிட்டது. சந்தோஷம். ஆனால் கூடவே ஒரு மூடநம்பிக்கையும் வந்திருக்கிறது: விலை கூடினால் மீன் விழும். கடையில் கேட்டாலும் வீடியோவில் பார்த்தாலும் இதே பாட்டுத்தான். பெட்டியைப் பிரித்து, ரீலை முகர்ந்து பார்க்காத குறையாகப் பாராட்டுகிற பையன்களில் எத்தனை பேர் அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? 5,000-க்குக் கீழே வாங்கினால் 'பிகினர்' என்று ஒரு பட்டம் வேறு. பட்டத்துக்குப் பயந்தே பாதிப் பேர் கடன் வாங்குகிறார்கள்.

கடை வரிசை இப்படி: முதலில் ராட், அப்புறம் ரீல், மிச்சமிருந்தால் நரம்பு, முள்ளை யாரும் கேட்பதே இல்லை. நான் சொல்வது நேர் தலைகீழ். முதலில் முள். அதன் கூர்மையை உங்கள் கட்டைவிரல் நகத்திலேயே சோதிக்கலாம். லேசாக வைத்து இழுத்தால் நகத்தில் பற்றி நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அது முள் அல்ல, வெறும் கம்பி. சில ரூபாய் சமாசாரம். தொழிலாகச் செய்கிறவர்கள் நூறு முள் உள்ள பெட்டியாகவே வாங்கி, மழுங்கியதைத் தயங்காமல் ஒதுக்கிவிடுவார்கள். நாம் துருப்பிடித்த முள்ளை 10,000 ரூபாய் ராடில் கட்டி வீசுகிறோம்.

அடுத்தது நரம்பு. இதில்தான் கஞ்சத்தனம் கூடாது, ஊதாரித்தனமும் தேவையில்லை. உப்பங்கழிக்கும் ஏரிக்கும் சாதாரண நைலான் போதும். 0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர். 0.35 என்றால் நல்ல நைலான் சுமாராக 7 கிலோ தாங்கும். அதே 0.35-ல் '15 கிலோ' என்று அச்சடித்திருந்தால் ஒன்று தடிமன் பொய், இல்லையென்றால் கிலோ பொய். நைலானுக்கு இழுபடுகிற குணம் உண்டு. புதிதாகப் பழகுகிறவன் செய்கிற அவசரத்தை அந்த இழுவை மன்னித்துவிடும். இப்போது எல்லோரும் விழுந்து விழுந்து வாங்குகிற பின்னல் நரம்பு, பிரெய்டு, அப்படி மன்னிக்காது. மெல்லியது, பலமானது, தூரம் போகும், எல்லாம் சரி. இழுபடாது என்பதால் தப்பு செய்தால் முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கையில் சுற்றிக்கொண்டு இழுத்தால் விரலையும் அறுக்கும். மட்டமான ராடின் வளையங்களில் கோடு போட்டுவிடும். விலையும் நைலானைப்போலப் பல மடங்கு.

ஃப்ளோரோகார்பன் என்று இன்னொன்று. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாதாம். முழுக்கப் பொய் இல்லை. ஒளியை வளைக்கும் அளவு தண்ணீருக்கு 1.33, ஃப்ளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53 என்பதால், நைலானைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். பளிங்கு மாதிரித் தண்ணீர் இருக்கிற ஊரில் கடைசி ஒரு மீட்டருக்குக் கட்டிக்கொள்ளலாம். கூவம் கடலில் கலக்கிற இடத்தில் ஒருவர் ரீல் முழுக்க அதைச் சுற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அந்தத் தண்ணீரில் மீனுக்குப் பக்கத்து மீனே தெரியாது சார்!

நல்ல நரம்பும் மோசமான முடிச்சில் பாழ். சும்மா ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினால் பாதி பலம் அங்கேயே போய்விடும். ஐந்து சுற்றுச் சுற்றிப் போடுகிற முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். இறுக்குவதற்கு முன்னால் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். உலர்ந்த நைலான் உராய்ந்தால் சூடாகிப் பலவீனமாகும். இதற்கு இ.எம்.ஐ. கிடையாது.

ரீலுக்கு வருவோம். 1905-ல் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேய ஜவுளி முதலாளி, நூற்பாலையின் நூல் உருளையைப் பார்த்து, உருளை சுற்றாமல் நூல் மட்டும் கழன்று போகிற ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நாம் வாங்குகிற ஸ்பின்னிங் ரீல் எல்லாம் அதன் பேரன்கள். அடிப்படை மாறவில்லை. மாறியது பெட்டியின் மேலே போடுகிற எண்கள். '13+1 பால் பேரிங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். பல் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும், நடுத்தண்டுக்கு ஒன்று, நரம்பு உருளுகிற இடத்தில் ஒன்று, நல்லதாக நாலைந்து இருந்தால் தாராளம். மட்டமான பேரிங் பதின்மூன்று இருந்தால், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கப் பதின்மூன்று இடம், அவ்வளவுதான்.

அடுத்த எண் இன்னும் வேடிக்கை. 'மேக்ஸ் டிராக் 12 கிலோ.' மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிற பிரேக்குக்குத்தான் டிராக் என்று பெயர். நரம்பின் பலத்தில் கால் பங்கில் அது வழுக்க வேண்டும். 7 கிலோ நரம்புக்கு ஒன்றே முக்கால் கிலோ. அப்புறம் 12 கிலோ எதற்கு? இழுவை எவ்வளவு என்பதைவிட எப்படி விடுகிறது என்பதுதான் முக்கியம். கடையிலேயே பார்க்கலாம். டிராகைப் பாதி இறுக்கி, நரம்பை மெதுவாக இழுங்கள். வெண்ணெய் மாதிரி வந்தால் வாங்குங்கள். முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு வெடுக்வெடுக்கென்று வந்தால் பெட்டியை மூடிக் கொடுத்துவிடுங்கள். இப்படிச் சோதித்தால் கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். வீட்டுக்கு வந்து ராட் நுனியில் வருகிற நரம்பில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். ஒன்றரை லிட்டர் பாட்டில் தூக்கும்போது டிராக் லேசாக வழுக்கினால் அளவு சரி.

சைக்கிள் உதிரிப் பாகத்தில் தொடங்கிய ஷிமானோ 1970-ல் மீன்பிடிச் சாமான்களுக்கு வந்தது. அதைப்போலப் பல வருஷம் இதையே செய்துகொண்டிருக்கிற கம்பெனிகளின் கடைசிப் படி மாடல், பெயர் தெரியாத கம்பெனியின் தங்க முலாம் பூசிய ரீலைவிட எப்போதும் மேல். உதிரி கிடைக்கும், பிரித்துப் பார்க்க ஆள் கிடைக்கும். 2500 அல்லது 3000 சைஸ் போதும். வீட்டுக்கு வந்ததும் டிராகை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை லேசாகத் தெளித்துத் துடைத்தால் பல வருஷம் உழைக்கும். வாளியில் முக்கி எடுக்காதீர்கள்.

இப்போது ராட். கார்பன் இல்லாமல் மீனே பிடிக்க முடியாது என்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ மஹ்சீர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். உலகத்தில் கார்பன் ராடே அன்று கிடையாது. (அந்தக் காவிரி மஹ்சீர் இனம் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2018-ல்தான் அதன் அறிவியல் பெயரே உறுதியானது. நம் லட்சணம்.) ஹெமிங்வேயின் கிழவர் சாண்டியாகோ அந்த ராட்சத மீனோடு போராடியது ராடும் ரீலும் இல்லாமல், கைக்கயிற்றில். கதைதான், ஆனாலும் ஹெமிங்வே மீன் தெரிந்த ஆள்.

கார்பன் லேசு, துடிப்பை நன்றாகக் கடத்தும். மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். ஏரிக்கரைகளில் நம்மூர் மின்கம்பிகள் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று உங்களுக்கே தெரியும். ஏழடி ராடைத் தலைக்கு மேலே தூக்கி வீசுகிறீர்கள். இதைப் பற்றி விற்கிறவர் வாய் திறப்பதில்லை. எந்த ராடாக இருந்தாலும் கம்பிக்குக் கீழே வேண்டாம். இடி இடித்தால் மூட்டை கட்டிவிடுங்கள். 'ஐ.எம்.7' என்று ராடில் எழுதியிருப்பதும் தர முத்திரை இல்லை. அது ஒரு அமெரிக்க கம்பெனியின் இழைக்கு வைத்த வியாபாரப் பெயர். யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடுகிறார்கள்.

முதல் ராடுக்கு ஃபைபர் கிளாஸ், அல்லது அதில் கொஞ்சம் கார்பன் கலந்தது. ஏழடி, இரண்டு துண்டாகக் கழற்றுவது. கொஞ்சம் கனக்கும். ஆனால் பஸ் கதவில் இடித்தாலும் உடையாது. பேனா மாதிரி இழுத்து நீட்டுகிற ராட் வேண்டாம், மூட்டில் மணல் புகுந்தால் தீர்ந்தது. வாங்கும்போது ஒரு காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது. அந்தக் கீறல்தான் உங்கள் நரம்பை அறுக்கப் போகிறது.

உடனே சிலர் கிளம்புவார்கள், 'அப்போ ஆன்லைன்ல 799 ரூபாய்க்கு எல்லாம் சேர்ந்த செட் வருதே, அதை வாங்கிடலாமா?' என்று. கூடாது. 14,500 மேல்தட்டை ஏமாற்றுகிறது என்றால் 799 இல்லாதவனை ஏமாற்றுகிறது. இரண்டாவதுதான் பெரிய பாவம். மூன்றாவது வாரம் பல் சக்கரம் கொறகொற என்னும், நுனி வளையம் பிடுங்கிக்கொண்டு போகும், வருஷத்துக்கு மூன்று வாங்குவீர்கள். அவ்வளவுதான் பட்ஜெட் என்றால் ராடும் வேண்டாம் ரீலும் வேண்டாம். நல்ல நைலான் ஒரு சுருள், கூர் முள், ஈயக்குண்டு, சுற்ற ஒரு காலி பாட்டில். ஐந்நூறுக்குள் முடியும். அந்தப் பெரியவர் வீட்டில் அன்று மீன் குழம்பு.

கொஞ்சம் முடிந்தவர்களுக்கு என் கணக்கு: ரீலுக்கு 1,500, ராடுக்கு 1,200, நரம்புக்கு 400, முள், ஈயம், தக்கைக்கு 200. மொத்தம் 3,300. அந்தமானுக்குப் போய்ப் படகிலிருந்து முப்பது கிலோ பாறை பிடிக்கப் போகிறேன் என்றால் இது பத்தாது, ரீல் புகைந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். அப்படிப் போகிறவர் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இன்னொன்று. கழித்த நரம்பைத் தண்ணீரிலோ கரையிலோ போடாதீர்கள். அது மக்கப் பல நூறு வருஷம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதுவரைக்கும் நாரைக் காலிலும் கூழைக்கடா கழுத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து துண்டுதுண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள்.

நேற்று ராத்திரி அண்ணன் மகன் போன் செய்தான். 'சித்தப்பா, அந்த 0.35 நரம்பு... புது ஸ்டாக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?'

'ஒரு முழம் கேட்டு வாங்கி, துணியில சுத்தி இழுத்துப் பாரு.'

'கடைக்காரர் திட்ட மாட்டாரா?'

'14,500 வாங்கினப்போ டீ குடுத்தாரே, அதே ஆள்தானே? இழு.'