எத்தனாவதா வந்தே?

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 600 மீட்டர் ஓடுவாள். போன செப்டம்பரில் ஒரு போட்டி. ஓடி முடித்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே நான் நின்ற கம்பிவேலிக்கு வந்தாள். முகம் சிவந்து உதடு காய்ந்திருந்தாலும் கண்ணில் ஒரு சிரிப்பு. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவதும்மா வந்தே?" "அஞ்சாவது" என்றாள். அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து என் முதுகிடம் சொன்னாள்: "எட்டு செகண்ட் குறைச்சிருக்கேம்மா." சிக்னலில் பச்சை விழுந்தது. நான் "ம்" என்றேன்.

எட்டு நொடி என்றால் என்னவென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மே மாதக் கோடை முகாமில் 2 நிமிடம் 9 நொடி. செப்டம்பரில் 2 நிமிடம் 1 நொடி. அவள் ஓடும் வேகத்துக்கு அந்த எட்டு நொடி கிட்டத்தட்ட 40 மீட்டர். மே மாதத்து என் மகளையும் செப்டம்பர் மாதத்து என் மகளையும் ஒன்றாக ஓடவிட்டிருந்தால், மே மாதத்துக்காரி கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் பின்னால் வந்துகொண்டிருப்பாள். அதைப் பார்க்கத்தானே காலை ஐந்தேகால் மணிக்கு எழுப்பிவிட்டோம்? பார்க்க வேண்டியது நடந்த அன்று, முன்னால் ஓடிய நாலு பேரைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பி.டி. உஷாவின் கதையை நாம் எல்லோருமே பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம். 1984, லாஸ் ஏஞ்சலிஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் கை நழுவியது. "பாரு, கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா..." என்று நம் வசதிக்கு ஒரு வாலும் சேர்த்துக்கொள்வோம். அதே கதையின் மறுபாதியை ஏன் சொல்வதில்லை? அன்று நாலாவதாக வந்த அந்த 55.42 நொடியை அதற்குப் பிறகு 39 வருஷம் இந்தியாவில் எந்தப் பெண்ணாலும் தொட முடியவில்லை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் ஓடினார். கடிகாரம் காட்டியது அதே 55.42. முந்தவில்லை, சமன் செய்தார். அதற்கே நாடு கைதட்டியது. உஷா ஓடி வந்ததும் வேலியோரம் நான் நின்றிருந்தால், "நாலாவதா?" என்றுதான் கேட்டிருப்பேன்.

அஞ்சாவது இடத்தோடு நான் சும்மா இருக்கவில்லை. காலைப் பயிற்சி போதாதென்று மாலைக்கும் ஒரு கோச்சிடம் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. நல்லதற்குத்தான் செய்தேன், சந்தேகமே இல்லை. நாம் செய்கிற எல்லாமே நல்லதற்குத்தானே? நவம்பர் வாக்கில் படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். "முட்டி வலிக்குதும்மா." "ஹோம்வொர்க் இருக்கிற அன்னைக்கு வலிக்கலையே?" என்றேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. ஒருநாள் குளித்துவிட்டு வந்தவளின் காலைப் பார்த்தேன். முழங்கால் சிப்பிக்குக் கீழே, பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு. தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள்.

அதற்கு ஆஸ்குட் ஸ்லாட்டர் என்று பெயர் சொன்னார் டாக்டர். வளரும் வயதில் எலும்பு வேகமாக நீளும். தொடைத் தசையின் தசைநார் கணைக்கால் எலும்பில் வந்து ஒட்டும் இடம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். ஓட ஓட, குதிக்கக் குதிக்க அது இழுபட்டு வீங்கிக்கொள்கிறது. ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் தணியும். வளர்ச்சி முடிந்தால் வலி பெரும்பாலும் தானே போய்விடும். பயப்பட ஒன்றுமில்லை என்றவர், "வாரத்தில் எத்தனை நாள் லீவு?" என்று அவளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால் சோம்பேறித்தனம் என்று நமக்கு ஏன் முதலில் தோன்றுகிறது? நமக்கு முதுகு பிடித்துக்கொண்டால் ஆபீசுக்கு லீவு போட்டுத் தைலம் தேய்த்துப் படுக்கிறோமே?

எங்கள் மைதானத்து மதிலோரம் சாயங்காலம் வந்து பாருங்கள். இருபது முப்பது ஸ்கூட்டர், அதன் மேல் இருபது முப்பது பெற்றோர். தலை குனிந்து போன். உள்ளே பிள்ளைகள் நாய் மாதிரி ஓடுகிறார்கள். ஐந்து முதல் பதினேழு வயதுவரை தினம் ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்றும் அதே நிறுவனம்தான் சொல்கிறது. முதல் வரியைக் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பியது நான். இரண்டாவது வரி என் கண்ணில் படவே இல்லை. மூன்று மாடி ஏற லிஃப்டுக்குக் காத்திருக்கிற நான்தான் "இன்னும் ஒரு ரவுண்டு போ" என்று மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கத்துகிறேன். "அம்மா, நீங்களும் வாங்களேன்" என்று பிள்ளை கூப்பிட்டால் நம்மில் யார் இறங்குவோம்?

இன்னொரு கூத்தும் உண்டு. ஒன்பதாம் வகுப்புவரை "பெரிதாகக் கனவு காண்" என்போம். பத்தாம் வகுப்பு பிறந்ததும் அதே வாயால் "விளையாட்டெல்லாம் போதும், போர்டு எக்ஸாம்" என்போம். எங்கள் எதிர்வீட்டுப் பையன் நீளம் தாண்டுவான். அவன் ஸ்பைக்ஸ் ஷூ இப்போது பரணில், கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மே மாதம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அதற்குள் கால் இரண்டு சைஸ் வளர்ந்திருக்கும்.

நம் லட்சியம் உண்மையில் எது, பிள்ளை முழு மூச்சாக ஒன்றைச் செய்து பார்ப்பதா, அல்லது ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவுகிற ஒரு சான்றிதழா? கோட்டா வேண்டாம் என்று சொல்லவில்லை. கிடைத்தால் நானும் வாங்கிக்கொள்வேன். ஆனால் பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வரவு செலவு கேட்டால், அது எதற்காக அடுத்த நாள் எழுந்து போகும்?

கடைசிப் பெற்றோர் கூட்டத்தில் கணக்கு டீச்சர் முன்னால் வராண்டா வரைக்கும் வரிசை. சயின்ஸுக்கும் அப்படியே. மூலையில் ஒரு மேசை போட்டு பி.டி. சார் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு நாற்காலி, காலி. தினத்தந்தியை இரண்டாம் தடவை புரட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். என் மகளை முதன்முதலில் ஓடச் சொன்னவர் அவர்தான். நான் அவரைத் தாண்டித்தான் கணக்கு வரிசைக்குப் போனேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசி சனிக்கிழமை. முட்டி இப்போது பரவாயில்லை, எவ்வளவு ஓடலாம் என்று அவரிடம் கேட்க வேண்டும். நான் முதலில் அந்த மூலைக்குத்தான் போகப் போகிறேன். நீங்களும் வாருங்கள். இரண்டு பேர் நின்றால்கூட அது வரிசைதான்.