யாருடைய டிசைன் இது?

"சார், இவன் என்னைப் பார்த்து வரையறான் சார்!"

ஓவிய வகுப்பில் இந்தக் குரலைக் கேட்காத பள்ளிக்கூடம் உண்டா? நாம் சண்டை போடுவது ஒரு யானைப் படத்துக்காக. உலகின் பெரிய பெரிய கம்பெனிகள் சண்டை போடுவது, முகத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணாடிக் கருவிக்காக. கும்பகோணத்தை ஒட்டியிருக்கும் தாராசுரத்தில் நெசவாளர்கள் வருத்தப்படுவதோ ஒரு பட்டுச்சேலையின் கரைக்காக. மூன்றும் ஒரே சண்டைதானா? பார்த்துவிடலாம், வாருங்கள்.

கண்ணாடிச் சண்டை

முதலில் அந்தக் கருவி. அதற்கு வி.ஆர். ஹெட்செட் என்று பெயர். மாட்டிக்கொண்டால் நீங்கள் கடலுக்கடியில் நீந்தலாம், நிலாவில் நடக்கலாம். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். உண்மையில் நீங்கள் உட்கார்ந்திருப்பது உங்கள் வீட்டுக் கூடத்தில்தான்!

இது எப்படி நடக்கிறது? ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். மூக்குக்கு முன்னால் ஒரு விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அடுத்த கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவுகிறது அல்லவா? இரண்டு கண்ணும் இரண்டு விதமாகப் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து, எது கிட்டே, எது எட்ட என்று கண்டுபிடிக்கிறது. ஹெட்செட் செய்வதும் இதைத்தான். இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குச் சற்றே மாறுபட்ட இன்னொரு படம். நடுவில் ஆளுக்கொரு லென்ஸ். மூளை ஏமாந்துவிடுகிறது.

ஆப்பிள் நிறுவனம் 2024 பிப்ரவரியில் 'விஷன் ப்ரோ' என்ற ஹெட்செட்டை அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. முன்பக்கம் வளைந்த கண்ணாடி. பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அதுபோல. பேட்டரி தனியாக ஒரு ஒயரில் தொங்கும். விலை 3,499 டாலர். 2025 அக்டோபரில் சாம்சங் தன்னுடைய 'கேலக்ஸி எக்ஸ்ஆர்' கருவியைக் கொண்டுவந்தது. வளைந்த கண்ணாடி, ஒயரில் தொங்கும் பேட்டரி. விலை 1,799 டாலர், கிட்டத்தட்ட பாதி. 'ஆப்பிளைப் பார்த்து அடித்த காப்பி' என்று பலரும் சொன்னார்கள்.

அவசரப்படாதீர்கள். அதே சாம்சங் கருவியில் எடை நெற்றியில் உட்காரும்படி கெட்டியான ஒரு பட்டை இருக்கிறது. ஆப்பிளில் அப்படி இல்லை. நெற்றியில் எடையைத் தாங்கவைக்கும் வழியை 2016-இலேயே சோனி தன் விளையாட்டு ஹெட்செட்டில் வைத்திருந்தது. ஆப்பிள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆக்குலஸ் என்ற சின்ன கம்பெனி ஹெட்செட் செய்து பெயர் வாங்கியிருந்தது. அதை 2014-இல் ஃபேஸ்புக் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு ஜெனிமேக்ஸ் என்ற இன்னொரு நிறுவனம், 'எங்கள் சரக்கை வைத்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள்' என்று கோர்ட்டுக்குப் போனது. 2017-இல் 50 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு நீதிபதி அதைப் பாதியாகக் குறைத்தார். கடைசியில் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்.

சரி, 'இரண்டு கண்ணுக்கு இரண்டு படம்' என்ற மூல யோசனை யாருடையது? இவர்கள் யாருடையதும் இல்லை! 1838-இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டோன் கண்ணாடிகளை வைத்து இதைச் செய்து காட்டினார். டேவிட் புரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி பின்னர் லென்ஸ் வைத்துக் கையடக்கமாக்கினார்.

இந்தப் புரூஸ்டர் கதை வேடிக்கையானது. நாம் திருவிழாவில் வாங்கிச் சுழற்றிப் பார்க்கும் கலைடாஸ்கோப் இவர் கண்டுபிடித்ததுதான். 1817-இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் கடைக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் ஆளாளுக்குச் செய்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஊரெல்லாம் கலைடாஸ்கோப், அவர் கைக்குச் சொற்பக் காசு! அப்படி நொந்துபோன மனிதர்தான் பின்னாளில், ஸ்டீரியோஸ்கோப்பை முதலில் கண்டுபிடித்த பெருமை வீட்ஸ்டோனுக்கு இல்லை என்று சண்டைக்குப் போனார்.

எல்லாரும் சண்டைக்காரர்கள் இல்லை. 2014-இல் கூகுள் 'கார்ட்போர்டு' என்ற அட்டைப்பெட்டி ஹெட்செட்டின் வரைபடத்தை எல்லாருக்கும் இலவசமாகவே கொடுத்தது. அட்டையை வெட்டி, இரண்டு லென்ஸ் ஒட்டி, போனைச் செருகினால் போதும். போனையே திரையாக்கும் அதே யோசனையில் 2023-இல் நம் நாட்டில் 'ஜியோடைவ்' 1,299 ரூபாய்க்கு வந்தது.

இனி தாராசுரம் போவோம்.

கல்லில் காப்பி

தாராசுரத்தின் ஐராவதேஸ்வரர் கோயில், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டியது. 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஒரு சிற்பம் உண்டு. ஒரு பக்க உடலை மறைத்துப் பார்த்தால் யானை. மறுபக்கத்தை மறைத்துப் பார்த்தால் காளை. இரண்டு உடலுக்கும் ஒரே தலை! எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணை ஏமாற்றும் வித்தையை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் செய்துவிட்டார்கள்.

அந்தக் கோயிலே ஒரு 'காப்பி' என்றால் கோபம் வருமா? தஞ்சையில் முதலாம் ராஜராஜன் 1010-இல் பெரிய கோயிலை முடித்தான். அவன் மகன் ராஜேந்திரன் அதே பாணியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டினான். அடுத்தது தாராசுரம். அதன்பின் மூன்றாம் குலோத்துங்கன் திருபுவனத்தில் கட்டினான். நான்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆனால் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. தஞ்சை விமானம் நேராக நிமிர்ந்து ஏறும், சோழபுரத்து விமானம் மெல்ல வளைந்து ஏறும். தாராசுரத்தில் மண்டபத்துக்கே சக்கரமும் குதிரையும் வைத்துத் தேராக்கிவிட்டார்கள். முன்னோர் செய்ததைப் பார்த்துத்தான் செய்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை.

தறியில் டிசைன் எப்படி உருவாகிறது?

தாராசுரத்திலும், கும்பகோணத்திலும், பக்கத்துத் திருபுவனத்திலும் பட்டு நெசவு பல தலைமுறையாக நடக்கிறது. சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் நிறைய. அன்னம், யாளி, மாங்காய், கோபுரம் என்று கோயிலில் பார்ப்பவை சேலையிலும் வரும்.

சேலையில் அன்னத்தை யாரும் வரைவதில்லை. நூலைத் தூக்கித் தூக்கித்தான் அது உருவாகிறது. முதலில் கட்டம் போட்ட தாளில் அன்னத்தைக் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் குறுக்குக் கட்டங்கள் கணக்கு. குறுக்கே போகும் ஊடை நூலுக்கு வரிசைகள் கணக்கு. பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை எடுத்து ஓட்டை போடுவார்கள். அட்டைகளை வரிசையாகக் கோத்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். நெசவாளர் மிதியை அழுத்தியதும் ஓர் அட்டை வந்து நிற்கும். ஓட்டை உள்ள இடத்தில் கொக்கி நூலைத் தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. நடுவே நாடா பாயும். அன்னத்தின் அலகில் ஒரு கோடு முடிந்தது! இப்படி நூற்றுக்கணக்கான அட்டைகள்.

பிரான்சின் ஜக்கார்டு என்பவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்த ஏற்பாடு இது. பின்னாளில் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்க ஓட்டை போட்ட அட்டைகள் வந்ததற்கு முன்னோடியும் இதுதான். அதாவது வி.ஆர். ஹெட்செட்டுக்கும் பட்டுத்தறிக்கும் தூரத்து உறவு உண்டு.

முன்பெல்லாம் ஒருவர் டிசைனை இன்னொருவர் எடுக்க வேண்டுமானால் சேலையை விலைக்கு வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து நூலை எண்ணி, மறுபடியும் அட்டை அடிக்க வேண்டும். அதற்குள் தீபாவளி முடிந்துவிடும். இப்போது செல்போனில் ஒரு படம் போதும். கம்ப்யூட்டரில் ஏற்றினால் டிசைன் தயார். எங்கோ ஒரு விசைத்தறியில், செயற்கை இழையில், அதே கரை, அதே முந்தானை மளமளவென்று இறங்கிவிடும். கைத்தறியில் ஒரு பட்டுச்சேலைக்குப் பல நாள் ஆகும். கரைக்கும் உடலுக்கும் வேறு வேறு நிறம் வரும் கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் கை கொடுக்க இன்னொருவரும் வேண்டும்.

அடுத்த பாவு வருமா?

இங்கேதான் கம்பெனிச் சண்டையும் தாராசுரத்துக் கதையும் பிரிகின்றன. சாம்சங்கும் ஆப்பிளும் செல்போன் வடிவத்துக்காக 2011 முதல் 2018 வரை கோர்ட்டில் நின்றார்கள். இரண்டு கம்பெனியும் மூடப்படவில்லை. போட்டியால் விலை இறங்கினால் வாங்குகிறவருக்கு லாபம்கூட.

நெசவாளர் நிலைமை அப்படியில்லை. பெரும்பாலோர் கூலிக்கு நெய்கிறவர்கள். கூட்டுறவுச் சங்கமோ, முதலாளியோ பாவு கொடுத்தால் நெய்வார்கள். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அதே டிசைன் கால் விலைக்குக் கடையில் தொங்கினால், கைத்தறிச் சேலை தேங்கும். தேங்கினால் அடுத்த பாவு வராது. பாவு வராத வீட்டில் தறி சும்மா நிற்கும். நாடு முழுவதும் 2009-10-இல் எடுத்த கணக்கில் கைத்தறித் தொழிலில் 43 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2019-20 கணக்கில் சுமார் 35 லட்சம் பேர். குறைந்ததற்குக் காரணங்கள் பல. போலிச் சேலையும் அவற்றில் ஒன்று.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி புது டிசைனைப் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் டிசைன் புதிதாக இருக்க வேண்டும். அன்னத்தையும் மாங்காயையும் யாரும் தனக்கே சொந்தம் என்று எழுதி வாங்க முடியாது. அது நியாயம்தான். இன்னொரு சிக்கல், ஒரு சேலை டிசைனின் ஆயுள் பல சமயம் ஒரு பண்டிகைக் காலம். அதற்குள் விண்ணப்பம், கட்டணம், வழக்கு என்று அலைவதற்குக் கூலி நெசவாளரால் முடியுமா?

1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், சில துணி வகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்றது. முதலில் 22 வகை, பின்னர் 11 ஆனது. அதில் சேலையும் உண்டு. இத்தனை விசைத்தறிகளையும் தேடிப் போய்ச் சோதிப்பதுதான் கடினம்.

மூன்றாவது, புவிசார் குறியீடு. இது டிசைனைக் காப்பதில்லை, ஊர்ப் பெயரைக் காக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் கிடைத்தது. தாராசுரத்தின் பக்கத்து ஊரான திருபுவனத்தின் பட்டுச்சேலைக்கு 2019-இல் கிடைத்தது. விசிறி போல மடிக்கும் விசிறி மடிப்புக்குப் பெயர்பெற்ற சேலை அது. அங்கே நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1955 முதல் இருக்கிறது. இனி வேறெங்கோ நெய்ததைத் 'திருபுவனம் பட்டு' என்று விற்றால் குற்றம்.

இந்த மூன்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது கடைசிதான். அன்னத்தைப் பார்த்து அன்னம் நெய்வதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. விசைத்தறி ஓட்டுகிறவரும் உழைப்பாளிதான். அவர் துணியை அதன் பெயரிலேயே விற்றால் யாருக்கும் தொல்லை இல்லை. கடையில் விசைத்தறிச் சேலைக்குக் 'கைத்தறி' என்று பெயர் சூட்டும்போதுதான் திருட்டு நடக்கிறது. சாம்சங் தன் கருவியில் ஆப்பிள் பெயரை ஒட்டி விற்கவில்லையே!

ஆகவே பெயரைப் பாருங்கள். 'சில்க் மார்க்' முத்திரை 2004-இல் வந்தது. அது 'இது சுத்தப் பட்டு' என்று மட்டும் சொல்லும். கையால் நெய்ததா என்று சொல்லாது. அதைச் சொல்வது 2006-இல் வந்த 'ஹேண்ட்லூம் மார்க்'. பெரியவர்களே பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முத்திரை இல்லாத பழைய சேலையா? அம்மாவையோ பாட்டியையோ கூட வைத்துக்கொண்டு, ஓரத்தில் தொங்கும் ஒரே ஒரு இழையை அவர்களையே தீயில் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் தீக்குச்சியைத் தொடக்கூடாது! பட்டு இழை முடி கருகுகிற மாதிரி நாறும், விரலில் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகி, சின்ன மணி போல இறுகிவிடும்.