ஒரே ஒரு கணினியில் மட்டும்

கணினி உறைந்துபோனால் உடனே ‘ஃபார்மட் பண்ணிடலாம் சார்’ என்று சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அதுவும் ஒரே நிரல் இரண்டு கணினிகளில் இருந்து, ஒன்றில் மட்டும் உறைகிறது என்றால், ஃபார்மட் செய்வது தடயத்தை அழிப்பதுதான்.

என் நண்பர் ஒருவர் நான்கு வருடமாகத் தன் தகப்பனாரின் பிரெஞ்சுக் கடிதங்களை லிப்ரெ ஆபீஸ் ரைட்டரில் தட்டச்சு செய்துவருகிறார். துணைக்கு, பிரெஞ்சு இலக்கணம் பார்க்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று. மகனுடைய மடிக்கணினியில் அது ஒழுங்காக ஓடுகிறது. இவர் கணினியில் ஆவணத்தைத் திறந்ததும் திரை வெளுத்து அப்படியே நின்றுவிடும். மகன் சொன்னது: ‘என்கிட்ட ஓடுதேப்பா.’ பிரெஞ்சில் இதையே ‘ஸா மார்ஷ் ஷே முவா’ என்பார்கள். பலர் பேச்சை முடிக்கத்தான் இதைச் சொல்கிறார்கள். விசாரணை அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். ஒழுங்காக ஓடும் கணினி ஒன்று இருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அசல் பிரதி கையில் இருப்பதுபோல.

கடைக்காரர் எல்லாவற்றையும் நீக்கி மறுபடி நிறுவினார். பலனில்லை. நிரலை நீக்கினாலும் நம் விருப்ப அமைப்புகள் இருக்கும் கோப்புறை நீங்குவதில்லை. விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங் என்ற மறைவான இடத்தில் பத்திரமாக இருக்கும். வீட்டை இடித்துக் கட்டி, பழைய பீரோவை அப்படியே உள்ளே வைத்த கதை. உதவி மெனுவில் ‘சேஃப் மோட்’ என்று ஒன்று உண்டு. அது பழைய அமைப்புகளைத் தொடாமல், தற்காலிகமாகப் புதியவற்றோடு நிரலைத் திறக்கும். அப்படித் திறந்தபோது ஆவணம் உறையவில்லை. ஆக, குற்றம் பீரோவில்தான்.

அடுத்து, உறைந்திருக்கும்போதே கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். அந்த நிரலுக்கு எதிரே சிபியு சதவீதம் ஏறியே நின்றால், அது எதையோ சுற்றிச் சுற்றிச் செய்துகொண்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், எதற்கோ காத்திருக்கிறது. இங்கே பூஜ்யம்.

இரண்டு கணினிகளின் அமைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். எக்ஸ்டென்ஷனில் தனிச்சொற் பட்டியலின் இருப்பிடமாக, வீட்டு நெட்வொர்க்கில் முன்பு இருந்த பழைய கணினி குறிக்கப்பட்டிருந்தது. அதை விற்று ஒரு வருடம் ஆகிறது! மடிக்கணினியில் அந்த இடம் காலி. கலைக்கப்பட்ட பிரிவுக்குக் குறிப்பு கேட்டுக் கோப்பு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை பேனாவைத் தொடாத குமாஸ்தாவை நான் பார்த்திருக்கிறேன். இதுவும் அந்த ஜாதிதான். அந்த ஒரு வரியை நீக்கியதும் சரியாகிவிட்டது.

எக்ஸ்டென்ஷன்கள் நிறைய இருந்தால் பாதியை நிறுத்திப் பார்க்கவேண்டும், பிறகு மிச்சத்தில் பாதி. பதினாறு இருந்தாலும் நான்கே சுற்றில் ஆள் அகப்படும். பேரப்பிள்ளைகள் உபயோகிக்கும் விஷுவல் ஸ்டுடியோ கோடில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. சிக்கலை எத்தனை துண்டாக்க முடியுமோ அத்தனை துண்டாக்கு என்று தெகார்த் 1637-லேயே விதி எழுதியிருக்கிறார். பள்ளியில் எங்களைப் படுத்திய பாடம், இதற்காவது உதவுகிறது.

ஃபார்மட் செய்திருந்தால் கடிதங்களை பென்டிரைவில் எடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் நண்பர் நான்கு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த ஊர்ப் பெயர்களும் உறவினர் பெயர்களும் பழைய கச்சேரிச் சொற்களும் அந்த மறைவான கோப்புறைக்குள் ‘வேர்ட்புக்’ என்ற இடத்தில்தான் இருந்தன. கடையில் யாரும் அதைக் கேட்கவே இல்லை. உங்கள் கணினியைக் கடைக்கு அனுப்பும் முன் அதையும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.