ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடலாமா?

வைத்தியத்துக்கு வருகிற கிறிஸ்தவத் தாய்மார்கள் பலர், மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு ஒரு கேள்வி கேட்பார்கள். "ஸார், நீங்களாவது இவனுக்குச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை மேட்ச்சுன்னா கோயிலுக்கு வரமாட்டேங்கிறான். இது பாவமில்லையா?"

நானும் கிறிஸ்தவன்தான், சித்த வைத்தியனும்கூட. ஆகவே இரண்டு பக்கமும் நின்று யோசித்துப் பார்க்கிறேன். மற்ற மதத்து வாசகர்களும் தொடர்ந்து படியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒன்று. விளையாட்டு, சபைக்கு அந்நியமானது அல்ல. நம் கிராமங்களில் வலை கட்டி ஆடுகிறார்களே வாலிபால், அது 1895-ல் அமெரிக்காவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில் பிறந்தது. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கியவர் ஹாரி குரோ பக். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் அவர்தான்.

அதே பாரிஸில்தான் எரிக் லிடெல் என்ற ஸ்காட்லாந்து வீரர் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். 100 மீட்டர் ஓட்டத்தில் அவருக்கே தங்கம் என்ற எதிர்பார்ப்பு. ஆனால் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்ததும், ஓட மாட்டேன் என்று விலகிவிட்டார். பதிலுக்கு 400 மீட்டரில் ஓடி, 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார்!

பிரசங்கங்களில் இந்தக் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு வருகிற பகுதி.

லிடெல் 1925-ல் மிஷனரி ஆசிரியராகச் சீனாவுக்குப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்கள் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே இருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனால் ஞாயிறன்று மட்டும் கிடையாது. ஒரு ஞாயிறு, பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடி, அது கைகலப்பில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் நடுவராக மைதானத்தில் வந்து நின்றார். 1945-ல், தம் 43-ஆவது வயதில், மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார்.

தன்னுடைய பதக்கத்துக்காக ஞாயிறை விட்டுத்தராத மனிதர், பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக விட்டுத்தந்தார். ஓய்வுநாள் மனுஷனுக்காகத்தான் என்று இயேசு சொன்னதை அவர் புரிந்துகொண்ட விதம் இது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சிவகாசி, சாத்தூர் பக்கம் வெடி ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் ஆறு நாள் வேலை பார்க்கிற இளைஞனை எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே குனிந்து தாள் சுற்றுகிறான், திரி செருகுகிறான். முதுகு கூனிப்போகிறது, மூச்சிலே மருந்துத் தூள். ஞாயிறு சாயங்காலம் அவன் துள்ளிக் குதித்து ஒரு பந்தை அடித்தால் நெஞ்சு விரிகிறது, நரம்பு இளகுகிறது. அவனுக்கு விளையாட்டே ஓய்வு. அதைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொரு பையன் இருக்கிறான். விடிகாலை ஐந்து மணிக்குப் பயிற்சி, பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடி பயிற்சி, ராத்திரி டியூஷன். ஞாயிறு வந்தால் டோர்னமெண்ட். இவனுக்கு ஏழு நாளும் வேலை நாள்! இவனுக்கு ஞாயிறன்று ஆட்டமே வேண்டாம் என்பேன். நம் சித்த மருத்துவத்திலும் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் வெயிலில் அலையாதே, கடும் வேலை செய்யாதே என்றுதானே விதி? உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள நாள் வேண்டும் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. முழங்கால் வீங்கி நிற்கிற பையனை, "ஜெபம் பண்ணியிருக்கோம் ஸார், ஒண்ணும் ஆகாது" என்று மைதானத்தில் இறக்குகிற தகப்பன்மார் உண்டு. தேவாலயத்து உப்பரிகையில் இருந்து குதிக்கச் சொல்லிப் பிசாசு தூண்டியபோது, கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று இயேசு மறுத்தாரே! சுளுக்கிய காலோடு ஆட விடுவதும் அப்படிக் குதிக்கச் சொல்வதுதான். உடம்பு பரிசுத்த ஆவியின் ஆலயம் என்றார் பவுல். உடம்புக்குள் இறைவன் குடியிருக்கிறான், அதனால் அதைப் பேணுகிறேன் என்றார் திருமூலர். ஆலயச் சுவர் விரிசல் விட்டால் முதலில் பூசத்தானே வேண்டும்?

பெற்றோரே, காலையில் பிள்ளையை ஆராதனைக்கு அழைத்துப் போங்கள். திருவிருந்துக்காக வெறும் வயிற்றோடு வந்தவனை அப்படியே ஆட விடாதீர்கள்; வீட்டில் சாப்பிட்டு, இளைப்பாறி, வெயில் தாழ்ந்த பிறகு போகட்டும். கையில் மோரோ நீராகாரமோ கொடுத்தனுப்புங்கள். வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் எவ்வளவு பெரிய மேட்ச் ஆனாலும் வேண்டாம்.

டோர்னமெண்ட் நடத்துகிற அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. விருதுநகர் வெயில் உங்களுக்குத் தெரியாததா? ஞாயிறு ஆட்டத்தை நாலு மணிக்கு மேல் வையுங்கள். கோயிலும் தட்டாது, பிள்ளைகளும் மயங்கி விழ மாட்டார்கள்.