யந்திரம் நடக்க வைக்குமா?

தென்னை ஏறி விழுந்தவர், கட்டடச் சாரத்திலிருந்து தவறியவர், லாரி மோதி எறியப்பட்டவர் - இவர்களுக்குத் தண்டுவடம் அடிபட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில், "இனி கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான்" என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. உலகத்தில் இப்படி அடிபட்டு வாழ்கிறவர்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் கூறியது. விழுவதும் வாகன விபத்துமே பிரதான காரணங்கள். உடம்பை வைத்துப் பிழைக்கிற நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல.

இப்போது ஓர் அதிசயச் செய்தி அடிபடுகிறது. ஓடும் பட்டையின் மீது நோயாளியை நிறுத்தி, கண்ணெதிரே சினிமாப் போலப் பாதையைக் காட்டி நடக்கப் பழக்கும் யந்திரம் வந்துவிட்டதாம்! 'விர்ச்சுவல் ரியாலிட்டி' என்று பெயர். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வியாபாரம்?

ஓடும் பட்டைக்கு டிரெட்மில் என்று பெயர். 1818-ல் இங்கிலாந்தில் கியூபிட் என்ற இஞ்சினியர் சிறைக் கைதிகள் மிதிப்பதற்கென்றே ஒரு படிச் சக்கரம் செய்தார். கைதிகள் மிதிக்க மிதிக்கத் தானியம் அரைபட்டது. 'மில்' என்ற சொல் அப்படி ஒட்டிக்கொண்டது. மனிதனை ஒடுக்கச் செய்த சாமானின் பெயர் இன்று ஒடிந்தவனை நிமிர்த்தும் சாமானுக்கு! மில் தொழிலாளிகள் சிரித்துக்கொள்ளலாம்.

தண்டுவடம் எலும்பல்ல. மூளையின் உத்தரவைக் காலுக்குக் கொண்டுபோகும் நரம்புக் கற்றை. எலும்புக்குள் பத்திரமாக இருப்பது. அது முழுவதும் அறுந்துபோனால் மீண்டும் ஒட்டவைக்கும் வைத்தியம் இன்று எந்த நாட்டிலும் இல்லை. ஆனால் பலருக்கு முழுவதும் அறுவதில்லை. சில இழைகள் மிஞ்சுகின்றன. அந்த மிச்ச இழைகளைப் பழக்கலாம். இடுப்பிலும் மார்பிலும் வார் கட்டி, பாதிப் பாரத்தை மேலிருந்து தாங்கி, பட்டையை ஓடவிட்டு, பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்து கால்களை எடுத்து எடுத்து வைக்கிறார்கள். முதுகை ஒடிக்கும் வேலை அது. அந்தக் கைகளுக்குப் பதிலாக ஸ்விட்ஜர்லாந்தில் 'லோகோமேட்' என்ற யந்திரம் செய்தார்கள்.

ஹாலந்து தேசத்தில் நைமேகன் நகர ஆஸ்பத்திரியில் அரைவட்டத் திரையும் சேர்ந்தது. திரையில் பாதை வரும், இடையூறு வரும், பட்டையே சாயும். நோயாளி சமாளித்து அடி வைக்க வேண்டும். யோசனை நல்லதே. ஆஸ்பத்திரித் தாழ்வாரம்போலவா இருக்கிறது நமது வரப்பு? 2018-ல் வெளியான முடிவின்படி, ஓரளவு நடக்கக்கூடிய 15 பேர் ஆறு வாரத்தில் 12 மணி நேரம் பழகினார்கள். நடை வேகம் கூடியது. ஆனால் பின்னர், திரையில்லாத சாதாரணப் பயிற்சியை அதே அளவு நேரம் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரு தரப்பாரும் தேறினார்கள். திரைக்காரர்கள் அதிகம் தேறவில்லை. இதற்கு வெகு முன்பே, 2006-ல், அமெரிக்காவிலும் கனடாவிலும் 146 பேரை வைத்து வார் கட்டிய பட்டையையும் வெறுந்தரையையும் ஒப்பிட்டதிலும் வித்தியாசம் காணவில்லை.

பிரேசிலில் 2016-ல் வெளியான சோதனை இன்னும் பிரசித்தம். காயம்பட்டுப் பல வருஷமான எட்டுப் பேர். மாய உலகக் கண்ணாடி, யந்திரக் கால்கள் எல்லாம் உண்டு. ஒரு வருஷ முடிவில் நான்கு பேருக்கு, 'முழுக் காயம்' என்ற முத்திரை மாறி 'அரைகுறைக் காயம்' ஆயிற்று. ஒப்பிட வேறு கூட்டம் வைக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. ஆனால் எல்லோருக்குமாக அங்கே செலவான பயிற்சி ஏறக்குறைய 2,000 மணி நேரம்! பத்திரிகைகள் கண்ணாடியைப் படம் பிடித்தன; இந்த மணிக்கணக்கைப் பெரிதாகப் போடவில்லை.

ஆக, பயிற்சிக்கு வேண்டியது நேரமும் தெரிந்த கைகளும். 1954-ல் வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்ட வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். அன்று திரை ஏது? மாய உலகம் ஏது?

தொழிலாளிக்கு இல்லாதது அந்த நேரம்தான். தினக்கூலிக்காரர் ஆறு மாதம் பயிற்சிக்குப் போனால் அடுப்பு எரிவது எப்படி? கூடப் போகிற மனைவியின் கூலி யார் தருவது? பஸ் செலவு? கோடிக்கணக்கில் யந்திரம் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் தனியார் ஆஸ்பத்திரிகள் இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. சர்க்கார் சொல்ல வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் பிடித்து நடக்கும் கம்பிகள், தாங்கும் வார், போதிய பயிற்சியாளர்கள், பயிற்சிக் காலம் முழுவதும் குடும்பத்துக்கு உதவித் தொகை - இவற்றைச் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அதற்குள் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விழுந்தவரைக் கை கால் பிடித்து மடக்கித் தூக்காதீர்கள். பைக்கில் உட்கார்த்தி வைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் நாலைந்து பேர் சேர்ந்து பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மிஞ்சியிருக்கும் இழைகள் அந்தத் தூக்கலிலேயே அறுந்துபோகலாம்.